காந்தம் ஒட்டாத கம்பி

"செத்தவன் செத்துட்டான். இனி மெஷினுக்கு என்ன வழின்னு சொல்லுங்க" என்றார் ஆவுடையப்பன்.

துப்பறிவாளர் பரிபூரணம் எதிரே இருந்த மெஷினைப் பார்த்தபடி நின்றாள்.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகை அது. ஊரின் சின்னப் பட்டறைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, தனித்தனியே வாங்க முடியாத அந்தப் பெரிய பிரஸ் மெஷினை வாங்கிப்போட்டு, முறை வைத்து ஓட்டி வந்தார்கள். தகடுகளை அழுத்தி வளைக்கும் மெஷின். இப்போது அதன் வார்ப்பிரும்புக் கழுத்து பிளந்து கிடந்தது. பிளந்து விழுந்த துண்டுக்கு அடியில்தான் போன செவ்வாய்க்கிழமை காமராஜ் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் நசுங்கிச் செத்தான். ஆவுடையப்பனிடம் வேலை பார்த்தவன்.

தரையில் ரத்தத்தின் மேல் கொட்டியிருந்த மரத்தூள் காய்ந்து கறுத்திருந்தது. மெஷினுக்குச் சங்கத்தார் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள்.

"ரோஜாப்பூ மாலை மேடம்" என்றான் உதவியாளன் பொன்னுராஜ். வத்திராயிருப்புக்காரன். மதுரையில் பரிபூரணத்தின் ஆபீஸில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் வாய் மட்டும் அடங்கவில்லை. "பையன் வீட்டுல பாத்தது வெறும் கேந்திப்பூ. இந்த ஊர்ல பொறந்தா மெஷினாப் பொறக்கணும்."

"பொன்னு."

"சரி மேடம், மூடிட்டேன்."

பரிபூரணம் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினாள். "பின்னை மாத்துனது நீங்கதான்னு ஊரே பேசுது."

"பேசட்டும்."

விஷயம் அந்தப் பின்தான். மெஷினின் பெரிய சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் பென்சில் பருமனில் ஒரு பித்தளைப் பின் இருக்கும். மெஷின் தாங்காத கனத்தில் யாராவது தகடு கொடுத்தால் முதலில் அந்தப் பின் உடையும். சக்கரம் சும்மா சுற்றும். மெஷினும் பிழைக்கும், நிற்கிற ஆளும் பிழைப்பான். பட்டறைக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பலியாடு. காமராஜ் செத்த அன்று பித்தளைப் பின் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒரு கம்பி இருந்தது. அது வளைந்ததே தவிர உடையவில்லை. அதனால் மெஷினின் கழுத்து உடைந்தது.

"இந்தக் கொட்டகையிலேயே அதிகமாப் பின் ஒடைச்சவர் நீங்கதானாமே?"

"ஆமா. ரெண்டு நடையில வளைக்கிற தகட்டை நான் ஒரே நடையில வளைப்பேன். அதுக்குத்தான மெஷினு? வச்சுக் கும்பிடவா?"

"இப்ப கும்பிட்டுக்கிட்டுத்தான இருக்கீக" என்றான் பொன்னுராஜ்.

ஆவுடையப்பன் அவனை முறைத்தார். பரிபூரணம் குறுக்கே புகுந்தாள். "அன்னிக்கு உங்க முறை. நீங்க ஏன் மெஷின்ல நிக்கலை?"

"எப்பவும் நான்தான் நிப்பேன். என் முறையில வேற எவனையும் நெம்புகோலைத் தொட விடமாட்டேன். அன்னைக்கு என்னமோ டீ குடிக்கணும் போல இருந்துச்சு. 'ஏலே, இந்தத் தகட்டை நீ போடுலே'ன்னு சொல்லிட்டுப் போனேன். டீ ஆறுறதுக்குள்ள சத்தம் கேட்டுது."

"ஓடி வந்தீங்களா?"

"குடிச்சிட்டு வந்தேன். ஓடி வந்து என்ன ஆகப் போவுது?"

பொன்னுராஜ் ஏதோ சொல்ல வர, பரிபூரணம் அவனைக் கையமர்த்திவிட்டுக் கேட்டாள்.

"காமராஜ் தங்கச்சாமி மகன். அவனை நீங்க எப்படி வேலைக்குச் சேர்த்தீங்க? உங்களுக்கும் அவருக்கும்தான் ஆகாதே."

ஆகாமல் போனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கொட்டகையின் போர்மேன் தங்கச்சாமி. அப்போது பின் கிடையாது. ஆவுடையப்பன் கொடுத்த கனத்த தகட்டால் பெல்ட் அறுந்து, சக்கரம் கழன்று தங்கச்சாமியின் தொடையை முறித்தது. அதன் பிறகுதான் சங்கம் பின்னைப் போட்டது. கால் நொண்டிப்போன தங்கச்சாமிக்கு, காலையில் வந்து பின்னைச் சரிபார்த்துவிட்டுப் போகிற வேலையைக் கொடுத்தது. செத்த காமராஜ் அவருடைய ஒரே மகன். பரிபூரணத்தை மதுரையிலிருந்து வரவழைத்ததும் அவர்தான்.

"பையனை ஒருத்தவுக கூட்டியாந்து விட்டாக" என்றார் ஆவுடையப்பன். "தங்கச்சாமிக்குத் தெரியக்கூடாதுன்னு கெஞ்சுனாக. அவனைப் பொறுத்தவரைக்கும் மகன் சிவகாசியில அச்சாபீசு வேலைக்குப் போறான். இவன் அப்பன் பின்னைப் பாத்துட்டு வீட்டுக்குப் போன பொறவுதான் இந்தக் கொட்டகைப் பக்கமே வருவான்."

"கூட்டி வந்தது யாரு?"

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"காமராஜ் சட்டைப் பையில பித்தளைப் பின் நாலஞ்சு இருந்ததா இன்ஸ்பெக்டர் சொன்னாரு."

"நான் குடுத்ததுதான். ஒடைஞ்சா மாத்திக்கிடட்டும்னு குடுத்தேன். அது எப்படியும் ஒடையும். என் தகடு அப்படி." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

வெளியே வந்ததும் பொன்னுராஜ் பொரிந்தான். "இந்த ஆளுதான் மேடம். விலங்கு மாட்ட அளவுகூட எடுத்துட்டேன்."

"இவர் இல்ல."

"மேடம்!"

"கல்நெஞ்சுக்காரர். கவனமே கிடையாது. அதெல்லாம் சரி. ஆனா உடையாத கம்பியைச் சொருகி வச்சவர், உடைஞ்சா மாத்திக்கோன்னு பையன் கையில எதுக்குப் பின் குடுக்கணும்? இவரு உடையும்னு நம்பித்தான் டீ குடிக்கப் போயிருக்காரு."

பொன்னுராஜ் தாடையைச் சொறிந்தான். "சே. நல்ல வில்லன் வீணாப் போயிட்டான்."

பரிபூரணம் கைப்பையிலிருந்து அந்தக் கம்பியை எடுத்தாள். இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கி வந்தது. அடுத்த பட்டறை வாசலில், சிந்திய இரும்புத்தூளை அள்ளுவதற்காக ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பொன்னுராஜ் விளையாட்டாகக் கம்பியை அதனருகே கொண்டுபோனான். காந்தம் அசையவில்லை. உரசிப் பார்த்தான். ஒட்டவே இல்லை.

"மேடம், இது இரும்பே இல்ல. வெள்ளியோ?"

"வெள்ளின்னா உடையாம நொறுக்கியிருக்குமா அந்த மெஷினை? குடு." அவள் கம்பியை வெயிலில் திருப்பினாள். ஒரு முனையை ரம்பத்தால் அறுத்த தடம் புதிதாக இருந்தது. மறுமுனை மழுங்கச் சீவி, கண்ணாடி போல மெருகேற்றப்பட்டிருந்தது. "மெஷின் பின்னுக்கு எதுக்கு மூக்கைச் சீவி விடணும்?"

"அழகுக்கா?"

"எதுக்குள்ளயோ மெல்ல ஏறிப் போறதுக்கு. சரி, இன்னொண்ணு. அந்தக் கழுத்துத் துண்டைத் தூக்கி இதை வெளிய எடுக்கவே ரெண்டு நாள் ஆச்சு. அதுவரைக்கும் பையன் ரத்தத்துலதான் கெடந்துச்சு. எங்கயாவது துரு இருக்கா பாரு."

பொன்னுராஜ் கண்ணருகே வைத்துப் பார்த்தான். "ஒரு பொட்டுக்கூட இல்ல."

"ரத்தத்துல கெடந்தும் துருப்பிடிக்கலை. ரத்தத்துலயே கெடக்கிறதுக்குன்னு செஞ்ச கம்பியா இருந்தா?"

"கசாப்புக்கடைக் கம்பியா?"

"இல்லடா. ஆஸ்பத்திரி."

பொன்னுராஜ் கம்பியைச் சட்டென்று அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் விரல்களைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யெஸ்டி பைக்கில் பறந்தார்கள். எலும்பு டாக்டர் சௌந்தரபாண்டியன், மாவுக்கட்டுப் போட்ட ஒரு விவசாயியை வெளியே அனுப்பிவிட்டு, கம்பியை வாங்கி விளக்கடியில் உருட்டினார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இது மெஷின் சாமான் இல்லம்மா. மனுஷ சாமான்."

"புரியும்படியாச் சொல்லுங்க டாக்டர்."

"தொடை எலும்பு முறிஞ்சா எலும்புக்குள்ள விடுற கம்பி. சீவுன முனை முதல்ல உள்ள போகும். மறுமுனையில கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். யாரோ அந்தக் கொக்கியை அறுத்து எடுத்திருக்காங்க."

"எலும்பு கூடுன பிறகு கம்பியை எடுத்துடுவீங்களா?"

"எடுத்துருவேன். நிறையப் பேரு வேண்டாம்னு போட்டுட்டுப் போவாங்க. ஒருத்தர்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. கட்டுத்துணியில சுத்தி, மடியில வச்சுக்கிட்டுப் போனாரு. இம்புட்டுத் தடிமன்ல நான் வேற யாருக்கும் வைக்கவும் இல்ல." டாக்டர் கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். "ராஜபாளையம் பட்டறை போர்மேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. தங்கச்சாமி."

பரிபூரணம் கம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பொன்னுராஜ்தான் முதலில் பேசினான். குரலில் கிண்டல் இல்லை. "நம்மளை வரவழைச்ச ஆளு மேடம். பெத்த மகனை..."

"அவர் முதல் நாள் நம்ம ஆபீசுக்கு வந்து என்ன கேட்டாரு?"

"என் மகனை அந்த மெஷின்கிட்டக் கூட்டிட்டுப் போனது யாருன்னு கண்டுபிடிங்கன்னாரு."

"பின்னை மாத்துனது யாருன்னு கேட்டாரா?"

பொன்னுராஜ் யோசித்தான். "ஒரு தடவைகூடக் கேக்கலை."

"தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்?" பரிபூரணம் டாக்டர் மேஜையிலிருந்த போனை இழுத்து, ராஜபாளையம் போலீஸ் ஸ்டேஷன் நம்பரைச் சுழற்றினாள். இன்ஸ்பெக்டர் லைனுக்கு வந்ததும் விவரத்தைச் சொல்லிவிட்டு, "எங்களைச் செத்த நேரம் முன்னால விடுங்க சார்" என்றாள்.

தங்கச்சாமியின் வீடு ஒற்றை அறை. சுவரோரம் அவர் மனைவி அய்யம்மாள் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற கட்டுத்துணியைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடி அவள் பார்க்கும் வேலை அது. மகன் செத்து ஏழு நாள்கூட ஆகவில்லை. கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டீயளா?" தங்கச்சாமி ஊன்றுகோலை எட்டிப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க." பரிபூரணம் கம்பியை அவர் முன்னால் பாயில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். அவர் கை தானாகத் தொடையைத் தடவியது. மறுக்கவில்லை. அழவும் இல்லை.

"ரெண்டு வருசம் என் காலுக்குள்ள கெடந்துச்சு" என்றார். "அவனுக்குன்னுதான் எடுத்து வச்சிருந்தேன். ஆவுடையப்பனுக்கு. அவன் முறையில வேற யாரும் நிக்கமாட்டாக. கனத்த தகட்டை அவனே குடுப்பான், நெம்புகோலை அவனே இழுப்பான், அவனே சாவான். நான் அவனைத் தொடவே வேண்டாம். காலையில போயி பித்தளையை எடுத்துட்டு இதைச் சொருகுனேன். வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுப் படுத்தேன்."

"அப்புறம்?"

"பட்டறையில ஒரு ஆளு செத்துட்டான்னு தெருவுல கத்திக்கிட்டு ஓடுனாக. எனக்குச் சிரிப்பு வந்துச்சும்மா. தலையணையில மூஞ்சியைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்." அவர் குரல் அப்போதும் உடையவில்லை. "பொறவுதான் யாருன்னு பேரைச் சொன்னாக."

பொன்னுராஜ் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போலீசு வரட்டும். தூக்குல போடட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். சிவகாசிக்குப் போற பிள்ளையை அந்தக் கொட்டகைக்குள்ள கொண்டுபோயி விட்டது யாரு? அந்தப் பேரைச் சொல்லுங்க. அதுக்குத்தான உங்களைத் தேடி வந்தேன்?"

பரிபூரணம் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தாள். சுவரோரம் துணி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அய்யம்மாளின் மடியிலிருந்து ஒரு சுருள் உருண்டு, பிரிந்துகொண்டே அறையின் நடுவுக்கு வந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

பரிபூரணத்துக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துபோனது.

"தெரியலை" என்றாள். "ஆவுடையப்பன் சொல்ல மறுத்துட்டாரு. கண்டுபிடிக்க முடியலை."

"பொய் சொல்லுதீய. மூஞ்சியிலயே தெரியுது. சொல்லுங்க!"

"நான் சொல்லுதேன்" என்றாள் அய்யம்மாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு."

"நான்தான் கொண்டுபோயி விட்டேன். ஆவுடையப்பன் கால்ல விழுந்து கேட்டேன்." அவள் புருசனைப் பார்க்கவில்லை. தரையில் பிரிந்து கிடந்த துணியைப் பார்த்தே பேசினாள். "அச்சாபீசு மை வாடை பிள்ளைக்கு ஒத்துக்கிடலை. விடிய விடிய இருமுனான். பட்டறை வேலைன்னா பழகுன வேலை. உங்ககிட்டச் சொன்னா அருவாளைத் தூக்குவீய. அந்த ஆளு பேரைச் சொன்னாலே தட்டைத் தூக்கி எறிவீய. அதான் சொல்லலை."

"அந்த மெஷினுலயாட்டி? என் காலைத் தின்ன மெஷினுலயா?"

"நீங்கதான சொன்னீய, இனி யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு? பின்னு போட்டாச்சு, எந்த மடையன் எம்புட்டுக் கனத்தைக் குடுத்தாலும் பின்னுதான் ஒடையும், ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. காலையில தெனமும் நீங்க போயிப் பாத்துட்டு வாரீயன்னு நம்பித்தான அனுப்புனேன்?"

தங்கச்சாமியின் பார்வை பாயில் கிடந்த கம்பிக்குப் போனது.

"அன்னைக்கு மத்தியானம் மூணு பேரும் இந்தப் பாயிலதான் உக்காந்து சாப்புட்டோம். அவன் ஷிப்ட்டுக்குப் போறேன்னு கெளம்புனான். பாத்துப் போயிட்டு வாலேன்னு நீங்க சொன்னீய. என் கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டே சொன்னீய." அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என்ன செஞ்சிட்டு வந்தோம்னு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொல்லியிருக்கக் கூடாதாட்டி?" அது கத்தலாகத் தொடங்கி, பாதியில் மூச்சாக இறங்கிப்போனது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பரிபூரணம் தன் தொழிலில் பிணங்களைப் பார்த்திருக்கிறாள், கொலைகாரர்கள் அலறுவதைக் கேட்டிருக்கிறாள். அந்த அறையில் நிற்பது அவற்றைவிடக் கடினமாக இருந்தது.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் தங்கச்சாமி தானாகவே எழுந்தார். ஊன்றுகோல் கை நழுவி அய்யம்மாளின் காலடியில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. கான்ஸ்டபிள்தான் எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் பொன்னுராஜ் இன்ஸ்பெக்டரை மறித்தான். "சார், அந்த ஆவுடையப்பன்?"

"அவர் மேல என்ன கேஸ் போடச் சொல்றே? தகடு கனமா இருந்ததுக்கா, டீ குடிக்கப் போனதுக்கா? ஒண்ணும் நிக்காது தம்பி. வேற மெஷினு வாங்கப் போறாங்களாம். சங்கத்துல அவரைத்தான் கோயம்புத்தூருக்கு அனுப்புறாங்க."

பொன்னுராஜ் போய்ப் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அய்யம்மாள் வெளியே வந்து ஜீப்பின் பக்கத்தில் நின்றாள். "ஐயா, நானும் ஏறிக்கிடட்டுமா?"

"நீ எதுக்கும்மா? உன் மேல ஒரு குத்தமும் இல்ல. வீட்டுக்குள்ள போ."

"அவியளுக்கு ஜெயிலு இருக்கு" என்றாள் அவள். "எனக்கு?"

இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். ஜீப் நகர்ந்தது. தங்கச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. அய்யம்மாள் தெரு முனைவரை அதன் பின்னாலேயே நடந்து போனாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பிறகு அவள் திரும்பி வந்து, பொன்னுராஜ் கிளப்பியிருந்த பைக்குக்கு முன்னால் நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த பரிபூரணத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்கதான் எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறவுக. சொல்லுங்க. எனக்கு என்ன?"

பொன்னுராஜ் என்ஜினை அணைத்தான்.

பரிபூரணம் இறங்கினாள். "நீ பஸ் ஸ்டாண்டுல ரூம் போட்டுக்கோ பொன்னு. நான் இங்க இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனாள்.